ஓடின் கிழமை

வடக்கு ஐஸ்லாந்தில், எங்கள் பள்ளத்தாக்கில், வாரத்தின் நான்கு நாட்கள் ஒரே காலையில் பெயர் இழந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் குதிரைகளை அவிழ்க்கக் கிளம்பிய நேரத்தில், பாதிரியார் எங்களைத் திரும்பக் கூப்பிட்டு ஆயரின் உத்தரவைச் சொன்னார். ஞானஸ்நானம் வாங்கிய வாயில் பழைய தெய்வங்களின் பெயர் வரக்கூடாது. ஆகவே திங்களுக்கு அடுத்த தீர் கிழமை இனி மூன்றாம் நாள். ஓடின் கிழமை, வார நடு. தோர் கிழமை, ஐந்தாம் நாள். ஃப்ரிக் கிழமை, நோன்பு நாள். ஞாயிறையும் திங்களையும் விட்டுவிட்டார்கள். குளியல் கிழமையையும் தொடவில்லை; குளிப்பதில் பாவம் இல்லை போலிருக்கிறது.

"மறந்து போய்ச் சொல்லிட்டா?" என்று பின்னாலிருந்து என் அண்ணன் பெர்சி கேட்டான்.

"ஒரு நாள் பட்டினி கெடக்கணும்" என்றார் பாதிரியார்.

"அப்ப என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவங்க எல்லாரும் பட்டினியா, சாமி?"

கோயிலே சிரித்தது. ஏனென்றால் ஊரில் என் அண்ணனுக்குப் பெயரே ஓடின்தான்.

அந்தப் பெயர் ஒரு கிடாவால் வந்தது. இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கி, கல்பட்டியில் அடைத்து, காதுக் குறி பார்த்து அவரவர் ஆட்டைப் பிரித்துக்கொள்வோம். அப்படிப் பிரிக்கும்போது ஒரு கிடா தலையைத் தூக்கியது. கொம்பு அவன் இடது கண்ணில் ஏறிவிட்டது. அப்போது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. காயம் ஆறி வெளியே வந்த அன்றே ஊர் பெயர் வைத்துவிட்டது. ஒற்றைக் கண் என்றால் இந்தத் தீவில் வேறு யார் ஞாபகத்துக்கு வருவார்? தெய்வங்களுக்கெல்லாம் தலைவர், ஞானக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீருக்காகத் தன் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்தவர்.

"அவரு கண்ணக் குடுத்து ஞானம் வாங்கினாரு. நீ என்னடா வாங்கின?" என்று கேட்பார்கள்.

"எனக்கு அந்தக் கிடாகூடக் கெடைக்கல. அது பக்கத்து வீட்டுக் கிடா" என்பான்.

நாங்கள் யாரும் ஓடினைக் கும்பிடவில்லை. எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே தீவு முழுக்க ஞானஸ்நானம் வாங்கியாயிற்று. ஆனால் கும்பிடாதவரைப் பற்றிப் பேசக்கூடாது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பனிக்காலம் முழுக்கப் புல்மண் வீட்டுக்குள் கம்பளி நூற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறு யாரைப் பற்றிப் பேசுவது? அவருடைய எட்டுக் கால் குதிரையைப் பற்றிப் பேசுவோம். உலகம் சுற்றிவிட்டு வந்து காதில் சேதி சொல்லும் இரண்டு அண்டங்காக்கைகளைப் பற்றிப் பேசுவோம். ஒன்றின் பெயர் நினைப்பு, மற்றதன் பெயர் ஞாபகம். அகலத் தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு, யாரென்று சொல்லாமல் யார் வீட்டு வாசலிலாவது வந்து நிற்பார். உபசரித்தால் நமக்கு நல்லது. இதையெல்லாம் என் அண்ணன் சொல்லிக் கேட்க வேண்டும். இப்போது யார் சொன்னாலும் எனக்குப் பிடிப்பதில்லை. பாதியில் எழுந்து போய்விடுகிறேன்.

அவனுக்குத் தொழில் படகு. பனிமலையிலிருந்து சாம்பல் நிறத்தில் இறங்கி வரும் எங்கள் ஆற்றைக் குதிரையில் கடக்க முடியாத மாதங்களில் அவன் படகில்தான் கடக்க வேண்டும். படகு கட்டும் இடத்துக்கு மேலேயே எங்கள் வீடு. எனக்குக் கல்யாணமாகி என் வீட்டுக்காரரும் அங்கேயே வந்துவிட்டதால், அக்கரையில் யார் கத்தினாலும் என் காதிலும் விழும்.

ஹல்பெரா கத்தியதும் அப்படித்தான் விழுந்தது. அவள் அக்கரையில் ஒரு பெரிய பண்ணையில் இருந்தாள். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் ஸ்கூலிதான் எல்லாம். பெயர் மாற்றம் வருவதற்கு முந்தைய கோடையில் ஒருநாள், கரையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிட்டாள். ஓடின் ஒரு தடவை படகுக்காரன் வேஷம் போட்டு, அக்கரையில் நின்ற தோரைப் படகில் ஏற்றாமல் வம்பு பேசியே விரட்டினாராம். என் அண்ணனுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது.

"யாரு அது, கரையில நின்னு கத்துறது?" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"படகுல ஏற வந்தவ."

"பாத்தா ஆடு மேய்க்கிற ஆளு மாதிரில்ல இருக்கு?"

"ஒரு கண்ணால பாத்தா அப்படித்தான் தெரியும். ஏன் படகுக்காரரே, படகு இருக்கா, இல்ல வாய் மட்டும்தான் இருக்கா?"

நான் வெண்ணெய் கடைவதை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தேன். என் அண்ணனை அப்படி ஒரே அடியில் வாயடைக்க வைத்தவர்கள் அதற்கு முன்னால் யாரும் இல்லை. அவன் துடுப்பைப் போட்டான்.

அதன்பிறகு அவளுக்கு இக்கரையில் அடிக்கடி வேலை வந்தது. சாயம் போடும் பாசி எங்கள் பக்கத்து மலையில்தான் நன்றாக இருக்கிறது என்பாள். எல்லா மலையிலும் ஒரே பாசிதான். ஸ்கூலி பக்திமான். வீட்டில் பழைய தெய்வங்களின் பேச்சே எடுக்கக்கூடாது. அதனால் அவளுக்கு எல்லாக் கதையும் புதிது. என் அண்ணன் துடுப்புப் போட்டுக்கொண்டே சொல்வான். படகு கரையைத் தொடும்போது கதை பாதியில் நிற்கும். மீதியைக் கேட்க அவள் திரும்பி வர வேண்டும். இதை அவன் திட்டம் போட்டுத்தான் செய்தான். தண்ணீர் வற்றி ஆறு குறுகியிருந்தால் மெதுவாகத் துடுப்புப் போடுவான். கதை முடியும் போலிருந்தால் வேகமாகப் போடுவான்.

மறுவருஷம், பெயர்கள் மாறிய கோடையில், அவன் பெண் கேட்டான். ஸ்கூலி சிரித்தானாம்.

"ஓடின்னு பேர் வாங்கின ஆளுக்கா என் தங்கச்சி?"

ஆனால் ஹல்பெரா பிடிவாதமாக நின்றாள். அதே சமயம் தீவின் கிழக்குக் கடற்கரையிலிருந்து ஒருவர் அவளைக் கேட்டு வந்து ஸ்கூலியின் பண்ணையில் தங்கியிருந்தார். நல்ல மனிதர், நிலபுலன் உள்ளவர். ஸ்கூலிக்கு அவரைத்தான் பிடித்தது. அண்ணனும் தங்கையும் முட்டி மோதி, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். ஸ்கூலி ஒரு நாள் குறிப்பான். அன்று பெர்சி சாட்சியோடு வந்து கேட்டால் பெண் அவனுக்கு. வராவிட்டால் கிழக்குக் கரைக்காரருக்கு. ஹல்பெரா சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டாள். வராமல் எங்கே போவான் என்று நினைத்திருப்பாள்.

இந்த ஏற்பாட்டுக்கு முன்னால் அவள் கடைசியாகப் படகில் போனபோது, அண்ணன் சொன்னது ஓடின் மரத்தில் தொங்கிய கதை. ஒன்பது இரவுகள் காற்றடிக்கும் மரத்தில், விலாவில் ஈட்டிக் காயத்தோடு, தன்னைத் தனக்கே பலி கொடுத்துக்கொண்டு தொங்கினார். யாரும் ரொட்டி கொடுக்கவில்லை, குடிக்கக் கொடுக்கவில்லை. "அப்ப கீழ குனிஞ்சு பாத்தாரு" என்று சொல்லும்போது படகு கரையில் தட்டியது.

"என்ன பாத்தாரு?" என்றாள்.

"அது அடுத்த தடவை."

"அதுவரைக்கும்?"

"தொங்கிட்டு இருக்கட்டும். நீ வந்ததும் எறக்கி விட்டுடலாம்."

அவள் சிரித்துக்கொண்டே குதிரையில் ஏறியதை நானும் பார்த்தேன்.

நாள் குறித்த சேதி கிரீமாவிடம் வந்தது. கிரீமா வீடு வாசல் இல்லாதவள். பண்ணை பண்ணையாகப் போய், கிடைத்ததைச் சாப்பிட்டு, சேதியைக் கூலியாகக் கொடுப்பாள். அக்கரையில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்கூலி அவளைப் பிடித்து, "மூணாம் நாள் சாட்சியோட வரச் சொல்லு" என்று அனுப்பினான். ஸ்கூலி உத்தரவை அப்படியே கடைப்பிடிக்கிறவன். மூன்றாம் நாள் என்றால் அவனுக்குத் தீர் கிழமை. ஞாயிறன்று அந்தச் சொல்லில் தப்பே இல்லை. புதுப் பெயரானாலும் சரி, விரலை மடக்கி எண்ணினாலும் சரி, ஞாயிறு, திங்கள், அடுத்தது தீர் கிழமைதான். ஆனால் வழியில் ஒரு வீட்டில் சூடான கூழ் இருந்தது. கிரீமா அன்றிரவு அங்கே படுத்துவிட்டாள். அந்தக் கூழை நினைத்து எனக்கு எத்தனையோ வருஷம் வயிறு எரிந்தது.

திங்கள் மத்தியானம் படகில் ஏறி உட்கார்ந்து சேதியைச் சொன்னாள்.

"மூணாம் நாளு வரச் சொன்னாரு. சாட்சியோட."

எங்கள் கரையில் அந்தப் புதுப் பெயர்களை யாரும் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டினிக்குப் பயந்தவர்கள் நாளைக்கு, நாளன்னிக்கு என்று சமாளித்தார்கள். பயப்படாதவர்கள் பழைய பெயரையே சொன்னார்கள். என் அண்ணன் துடுப்பை மடியில் வைத்துவிட்டு விரலை மடக்கினான். இன்று திங்கள், நாளை தீர் கிழமை, அதற்கடுத்தது மூன்றாம் நாள்.

"அட, ஓடின் கிழமை" என்றான். "எனக்குன்னே பாத்து வெச்சிருக்காரு மச்சான்."

கிரீமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அந்தப் பேரச் சொல்லாத. கேட்டாலும் பட்டினின்னு சொல்றாங்க."

காதைப் பொத்தாமல் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் யாருக்குத்தான் தோன்றியது? எனக்கும் தோன்றவில்லை. நான் தீர் கிழமை முழுவதும் அவன் சட்டையைத் துவைத்துக் காய வைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடின் கிழமை காலையில் அண்ணன், நான், சாட்சிக்கு என் வீட்டுக்காரர், மூவரும் அக்கரைக்குப் போய் அங்கிருந்து குதிரையில் கிளம்பினோம். லேசான தூறல். அண்ணன் அகலத் தொப்பியை முன்னால் இறக்கிவிட்டிருந்தான். வழியெல்லாம் நான் அவளை அண்ணி என்று கூப்பிட்டுப் பழகிக்கொண்டு வந்தேன். "அண்ணி, மோர் வேணுமா? அண்ணி, அந்தக் கரண்டிய எடுங்க."

"ரொம்ப அதிகாரம் பண்ணாத. வந்த அன்னிக்கே ஓடிடப் போறா" என்றான் அண்ணன்.

கதவைத் திறந்த வேலைக்காரி எங்களைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஓடின் கிழமையன்று, தொப்பி போட்ட ஒற்றைக் கண்ணன் தூறலில் வாசலில் நின்றால் யாருக்கும் வெலவெலத்துத்தான் போகும். உள்ளேயிருந்து ஸ்கூலி வந்தான்.

"இப்ப எதுக்கு வந்த?"

"வரச் சொன்னீங்களே."

"மூணாம் நாள்னு சொன்னேன். நேத்து பூராவும் சமைச்சு வெச்சுக்கிட்டு, சாட்சிகள உக்கார வெச்சுக்கிட்டு, வழியப் பாத்தோம். ஆறு என்ன கடலா? வராதவன் வரலன்னுதானே அர்த்தம்?"

"இன்னிக்குத்தானே மூணாம் நாளு?" என்றான் அண்ணன்.

ஸ்கூலியின் உதடு அசைந்தது, அவனும் எண்ணிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. அவன் கெட்டவன் இல்லை. எண்ணி முடித்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலமே ஹல்பெரா கிழக்குக் கரைக்காரரின் கையில் கை வைத்து, சாட்சிகளுக்கு முன்னால் ஒப்புக்கொண்டாயிற்று. அதை அவிழ்க்க முடியாது.

அவள் உள்வாசலில் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. நேற்று எவ்வளவு நேரம் சுவரேறி வழியைப் பார்த்தாளோ. எல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது. அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "நல்லா இரு" என்று மட்டும் சொன்னான். தொண்டை வரை வந்திருந்த அண்ணியை நான் விழுங்கிக்கொண்டேன். என் அண்ணன் மனது உடைந்து போயிற்று. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அவன் படகு ஓட்டினான். சிரித்தான், வம்பு பேசினான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் ஆற்றைப் பார்க்கப் போய்விடுவான். இரண்டு விஷயத்தில் மாறிவிட்டான். எங்கே போவதானாலும் ஒரு நாள் முன்னால் போய் நிற்பான். ஞானஸ்நான விருந்துக்கு முதல் நாளே போய் அடுப்பு மூட்ட உதவுவான். இன்னொன்று, வார நடு என்ற சொல்லை அவன் நாக்கு ஒரு தடவைகூடத் தொடவில்லை. ஓடின் கிழமை என்றே சொல்வான், போய்ப் பாதிரியாரிடம் ஒப்புக்கொள்வான், பட்டினி கிடப்பான்.

"ஏம்ப்பா பெர்சி, உன் உடம்பு என்னத்துக்கு ஆகும்? கொஞ்சம் பாத்துப் பேசக் கூடாதா?" என்று பாதிரியாரே கெஞ்சுவார்.

"அது ஒண்ணுதான் சாமி எனக்குத் தப்பா எண்ண முடியாத பேரு" என்பான்.

அந்தக் கதையையும் அவன் முடிக்கவில்லை. படகில் யாராவது கேட்டால் ஓடினை மரத்தில் ஏற்றுவான், கீழே குனிய வைப்பான், நிறுத்திவிடுவான். "மீதி?" என்றால், "தொங்கிட்டு இருக்காரு" என்பான். எல்லோருக்கும் தெரிந்த கதைதான், அதனால் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

என் மூத்த மகளுக்குக் கல்யாணமான வருஷம், வசந்தத்தில், கிரீமா வந்தாள். நரைத்து, கூன் விழுந்து, இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தாள். கிழக்குக் கரைக்காரர் காய்ச்சலில் போய்விட்டாராம், பிள்ளைகள் இல்லை, பண்ணை அவருடைய தம்பிக்குப் போக, ஹல்பெரா அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாளாம். அண்ணன் தறிக்குப் பக்கத்தில் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். ஊசி நின்றுவிட்டது.

"உனக்கு ஒரு சேதி இருக்கு" என்றாள் கிரீமா. "ஆனா அத எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. நான் மாத்திச் சொல்லவான்னு கேட்டேன். ஒரு எழுத்து மாத்தினாலும் விட மாட்டேன்னுட்டா. வழியில எங்கயும் தங்காதன்னு கையில ரொட்டி வேற கட்டிக் குடுத்துட்டா."

"சொல்லு" என்றான்.

கிரீமா வாசலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஓடின் கிழமை ஆத்தங்கரைக்கு வரச் சொன்னா."

ஸ்கூலியின் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்திருக்கிறது. அண்ணன் வலையைக் கீழே வைத்தான். ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. நான் கிரீமாவுக்குத் தயிரும் காய்ந்த மீனும் வெண்ணெயும் வைத்தேன். பழைய கூழை அன்றைக்குத்தான் மன்னித்தேன்.

தீர் கிழமை காலையிலேயே அவன் தொப்பியை எடுத்தான்.

"அண்ணே, நாளைக்குத்தானே?"

"தெரியும். சும்மா படகு ஒழுகுதான்னு பாக்கப் போறேன்."

நானும் பின்னாலேயே போனேன். ஆற்றில் பனி உருகிய தண்ணீர். அண்ணன் படகுப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அக்கரை மேட்டில் ஒரு குதிரை இறங்கியது. மேலே ஒரு பெண். கரையில் இறங்கி நின்று கையை வாயில் குவித்தாள்.

"படகுக்காரரே, படகு இருக்கா, இல்ல வாய் மட்டும்தான் இருக்கா?"

அண்ணன் எழுந்தான்.

"ஓடின் கிழமைனுதானே சொல்லி அனுப்பின?"

"ஆமா."

"இன்னிக்கு என்ன கிழமை?"

தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி அவள் குரல் தெளிவாக வந்தது. "மூணாம் நாளு ஒண்ணு நமக்குப் பாக்கி இருந்துச்சு."

அவன் படகைத் தள்ளினான். அக்கரை போனது சீக்கிரம் முடிந்தது. திரும்பி வருவதற்குத்தான் அவ்வளவு நேரம். ஆறு வழிய வழிய ஓடுகிறது, இவன் துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டுக் கையை ஆட்டிப் பேசுகிறான். படகு நீரோட்டத்தில் சறுக்கி, கீழே வளைவு வரை போய், திரும்பக் கரையோரமாக ஏறி வந்தது. அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவள் கேட்டது மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

"அப்புறம்?"

கொஞ்சம் கழித்து, இன்னும் கிட்டத்தில்:

"இவ்வளவு வருஷமா யாரு சொல்ல ஆரம்பிச்சாலும் காதப் பொத்திக்கிட்டேன். சொல்லு. குனிஞ்சு பாத்தாரு. அப்புறம்?"

படகு வந்து கல்லில் தட்டியது. அவள் தலைமுக்காடு நழுவியிருந்தது; முடி பாதிக்கு மேல் வெள்ளை. நான் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கிக் கையை நீட்டினேன்.

"பாத்து எறங்குங்க, அண்ணி" என்றேன். "கல்லு வழுக்கும்."